குழிக்கு முன் குடம்: மரக்குழு இளைஞர்களின் கேள்விகளும் பதில்களும்

வாரியக் குடியிருப்பு, மீனவர் குப்பம், ஆட்டோ நுழையாத சந்து. இந்த இதழுக்கான கேள்விகள் இப்படிப்பட்ட இடங்களில் மரம் வளர்க்கும் இளைஞர் குழுக்களுடையவை. எப்படி நடுவது என்று கேட்பவர்கள் குறைவு. நட்டது ஏன் பட்டுப்போனது என்று கேட்பவர்களே அதிகம்.

கேள்வி: கல்லூரி, பாலிடெக்னிக் படிக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தெருவின் இரு பக்கமும் 20 கன்றுகள் நடப்போகிறோம். ஜூன் 5 அன்று நடலாமா? முதலில் எதைச் செய்வது?
மாணவர் குழு, வியாசர்பாடி, சென்னை

சுற்றுச்சூழல் நாள் மேடைக்கு நல்ல நாள்தான், சென்னைக் கன்றுக்கு நல்ல நாள் இல்லை. கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், வெயில் இறங்கியிருக்காது. தென்மேற்குப் பருவமழையில் சென்னைக்குக் கிடைப்பது அவ்வப்போது வரும் மாலை நேரத்து இடிமழைதான். நம் மழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை. அதனால் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் பாதியிலோ நடுங்கள். மழை வலுப்பதற்குள் வேர் மண்ணைப் பிடித்துவிடும். ஜூன் 5 அன்று ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் இடத்தை அளந்து குறியுங்கள், மனு கொடுங்கள்.

குழியை எண்ணுவதற்கு முன் குடத்தை எண்ண வேண்டும். முதல் இரண்டு மாதம் ஒரு கன்றுக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தால் ஒரு குடம். 20 கன்றுக்கு வாரம் 60 குடம், அதாவது 900 லிட்டர். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? லாரிக்கும் அடிபம்புக்கும் வரிசையில் நிற்கும் தெருவில் அந்தத் தண்ணீரிலேயே மரத்துக்கும் பங்கு கேட்டால் சண்டை வரும், அந்தச் சண்டையில் நியாயமும் இருக்கும். வேறு ஊற்றுகளைத் தேடுங்கள். பள்ளிவாசலில் ஒளு செய்யும், அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் தண்ணீர் இருப்பதிலேயே நல்லது. அரிசி, காய் கழுவிய தண்ணீர் நல்லது. ஏசி சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது. சென்னையின் ஈரக்காற்றில் ஓடும் ஓர் ஏசி மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் சொட்டும், எனவே கடைவீதி ஏசிகளின் குழாயை ஒரு டிரம்மில் விடச் சொல்லிக் கேளுங்கள். துணி துவைத்த தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். இப்படிக் கூட்டிப் பார்த்து 12 கன்றுக்குத்தான் தண்ணீர் வருமென்றால் 12 மட்டும் நடுங்கள்.

அனுமதி பெறாமல் நடைபாதையை உடைக்காதீர்கள். சாலையோரம் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் பூங்காத் துறையிடம் கேட்க வேண்டும். வாரிய வளாகம் என்றால் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று இருந்ததுதான் இது. வார்டு எண், தெருவின் கைவரைபடம், ஒவ்வொரு குழியும் வரும் கதவு எண் மூன்றையும் மனுவில் போடுங்கள். நகலில் முத்திரை வாங்கி வைத்தால்தான் நாளை யாராவது தடுக்கும்போது காட்ட முடியும்.

ஆபத்து மின்கேபிளில் இருக்கிறது. சென்னையின் பெரும்பகுதியில் மின்சாரம் பூமிக்கடியில்தான் போகிறது. இரண்டு பில்லர் பாக்ஸ்களுக்கு (தெருவோர மின்பெட்டிகளுக்கு) இடைப்பட்ட வரிசையில் குழி குறிக்காதீர்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேபிள் போகும் பக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு அடி ஆழத்தில் திடீரெனச் சுத்தமான ஆற்றுமணலும் வரிசையாக அடுக்கிய செங்கல்லும் தட்டுப்பட்டால் அதன் கீழே கேபிள் இருக்கக்கூடும். கடப்பாரையை அங்கேயே நிறுத்திவிட்டு அந்தக் குழியை மூடுங்கள்.

கேள்வி: எங்கள் பிளாக்குகளுக்கு இடையே தோண்டினால் ஓர் அடி ஆழத்துக்குக் கீழே செங்கல், கான்கிரீட் துண்டு, டைல்ஸ்தான் வருகிறது. இதில் மரம் வளருமா?
இளைஞர் மன்றம், கண்ணகி நகர், சென்னை

வளரும். ஆனால் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் தோண்டி, ரப்பிஷ் முழுவதையும் வெளியே கொண்டுபோக வேண்டும். ஒரு குழியை நிரப்பச் சுமார் 20 சிமென்ட் சாக்கு மண் பிடிக்கும். அதில் 10 சாக்கு செம்மண், 5 சாக்கு தோண்டிய மண்ணிலிருந்து சலித்து எடுத்தது, 5 சாக்கு நன்றாக மக்கிய உரம். பக்கத்தில் மாநகராட்சியின் உரக்கூடம் இருந்தால் காய்கறிக் கழிவு உரம் கேட்டுப் பாருங்கள். கையில் எடுத்தால் சூடாகவோ புளித்த நாற்றமாகவோ இருந்தால் அது இன்னும் மக்கவில்லை. அப்படியே போட்டால் வேர் வெந்துவிடும். ஒரு மாதம் மூடி வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். கறையான் தொல்லை உள்ள இடமென்றால் வேப்பம்புண்ணாக்கு 200 கிராம் சேருங்கள்.

மண் போடுவதற்கு முன் ஒரு சோதனை. வெற்றுக் குழியை மாலையில் தண்ணீரால் நிரப்பிவிட்டு மறுநாள் காலை போய்ப் பாருங்கள். வற்றியிருந்தால் சரி. பாதிக்குமேல் நின்றால், மழைக்காலத்தில் அந்தக் குழி ஒரு தொட்டி ஆகிவிடும், வேர் மூச்சுத் திணறி அழுகும். சதுப்பு நிலத்தை ஒட்டி மண்ணைக் கொட்டி உயர்த்திய பகுதிகளில் இது சகஜம். அடியில் நான்கைந்து இடத்தில் கடப்பாரையால் துளை போட்டுப் பாருங்கள். அதற்கும் வடியாவிட்டால் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி மேடு கட்டி, அதன்மேல் நடுங்கள். குழியின் சுவர்கள் மண்வெட்டியால் வழித்ததுபோல வழவழப்பாக இருக்கக் கூடாது. கடப்பாரையால் கீறிவிட்டால்தான் வேர் வெளியே புகும்.

நடும்போது பையை முழுதாகக் கிழித்து எடுத்துவிடுங்கள். வேர் அடியில் வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்தச் சுருளைக் கத்தியால் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறுங்கள். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் மண் ஏற்றினால் தண்டின் பட்டை அழுகும். புது மண் அமுங்கும் என்பதால் கன்றை நான்கு விரல் உயரமாகவே வையுங்கள்.

இன்னொன்று: சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறும். துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை, தண்ணீர்க் குறை இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தெளித்தால் போதும்.

கேள்வி: போன வருடம் 30 புங்கன் கன்று நட்டோம். இப்போது 11 மட்டுமே உயிரோடு உள்ளன. தண்ணீர் ஊற்றத்தான் செய்தோம். என்ன காரணம்?
நண்பர்கள் குழு, செல்லூர், மதுரை

பட்டுப்போன கன்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் பதில் அதிலேயே கிடைக்கும். வேர்க்கட்டு இன்னமும் பையின் உருளை வடிவத்திலேயே வந்தால், குழி சிறிது அல்லது சுவர் இறுக்கம். வேர் வெளியேறவே இல்லை என்று பொருள். வேர் கறுத்து வழுவழுப்பாகி நாற்றமடித்தால் தண்ணீர் தேங்கியது. அடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஆணிவேர் அறுந்த தழும்பு இருந்தால் நர்சரியிலேயே கோளாறு: பையைத் துளைத்துத் தரையில் இறங்கிய வேரைப் பிய்த்து எடுத்து உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை வாங்கும்போது பையைத் தூக்கிப் பாருங்கள். சுலபமாக எழும்பாத கன்றை வாங்காதீர்கள்.

வேர் நன்றாக இருந்தால் தண்டைப் பாருங்கள். கட்டிய நைலான் கயிறு பட்டையில் புதைந்திருக்கிறதா? கன்று பருக்கும், கயிறு பருக்காது. அந்த வளையத்துக்கு மேலே உள்ளது எல்லாம் காயும். எட்டடிச் சவுக்குக் கம்பு இரண்டை இரு பக்கமும் நட்டு, தேங்காய் நார்க் கயிற்றை எட்டு போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டி, இரண்டு வருடத்துக்குள் கம்பையே எடுத்துவிட வேண்டும். கம்பு ஆடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் தண்டு வலுக்காது.

தண்ணீர் ஊற்றியதாகச் சொல்கிறீர்கள். எவ்வளவு? தினம் ஒரு சொம்பு ஊற்றினால் மேல்மண் இரண்டங்குலம்தான் நனையும், வேரும் மேலேயே நின்றுவிடும், சித்திரையில் கருகும். தினமும் கொஞ்சத்தைவிட வாரம் இரண்டு முறை ஒரு முழுக் குடம் மேல். நான்கங்குல பிவிசி குழாயில் இரண்டடி வெட்டி, சுற்றிலும் துளை போட்டு, குழிக்குள் செங்குத்தாக இறக்கி ஜல்லியால் நிரப்பிவிட்டால் தண்ணீர் நேரே ஆழத்துக்குப் போகும். வாயில் ஒரு துண்டு வலை கட்டுங்கள், இல்லையென்றால் அது குப்பைத்தொட்டி ஆகிவிடும்.

கேள்வி: கடலோரக் குப்பம். போர் தண்ணீர் கரிக்கிறது. ஆடுகளும் அதிகம். எந்த மரம் நிற்கும்?
வாசகி, காசிமேடு, சென்னை

முதலில் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் என்றால் எதையும் வளர்க்கலாம். 2,000 வரை மரத்தைத் தேர்ந்து வைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உப்பைத் தாங்கும் புன்னை, பூவரசு, புங்கன் மூன்றும்தான் நம்பத் தகுந்தவை. இவற்றில் புன்னை மெதுவாகத்தான் வளரும். ஆனால் கடற்காற்றுக்கென்றே பிறந்த மரம் அது, அவசரப்படாதீர்கள். பூவரசு போத்து (வெட்டிய கிளை) வைத்தாலே பிழைக்கும், சீக்கிரம் நிழல் தரும். ஆனால் ஆடு முதலில் அதைத்தான் தின்னும். ஆட்டு வாய்க்கு எட்டாத ஆறடிக்கு மேற்பட்ட கன்றாக வாங்குங்கள், சுற்றிக் கருவேல முள் கட்டுங்கள். இரும்புக் கூண்டு போட்டால் அது மரத்தைக் காப்பதற்குள் காயலாங்கடைக்குப் போய்விடும். சவுக்குக் கம்பு நான்கு, பச்சை வலை, முள் இவற்றை எடைக்குப் போட யாரும் வரமாட்டார்கள்.

உப்புத் தண்ணீர் ஊற்றும் மண்ணை மழைநீர் அலச வேண்டும். மொட்டைமாடி மழைக்குழாய் ஒன்றையாவது மரக்குழி பக்கம் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: இலவசமாகத் தருகிறார்கள் என்று கோனோகார்பஸ், குல்மோகர் கன்றுகள் வந்திருக்கின்றன. நடலாமா?
வாசகர், உக்கடம், கோவை

வேண்டாம். கோனோகார்பஸின் வேர் குழாய்களையும் சாக்கடையையும் தேடிப்போய் அடைக்கும். குஜராத் அரசு 2023-ல் அதை நடவே தடை போட்டுவிட்டது. குல்மோகர் அழகுதான், ஆனால் மேலோட்ட வேர், முறியும் கிளை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது குல்மோகரும் மஞ்சள் கொன்றையும் தூங்குமூஞ்சியும் தெருத்தெருவாகச் சாய்ந்தன. அடிமரத்தைச் சுற்றிக் கான்கிரீட் பூசியதும், பள்ளம் தோண்டும்போது வேரை வெட்டியதும் அதற்குத் துணைபோயின.

வீட்டை ஒட்டி ஆலும் அரசும் கூடாது. மின்கம்பிக்குக் கீழே உயராத இனமாக வையுங்கள்: வெள்ளை மந்தாரை, பவழமல்லி, கறிவேப்பிலை. பெரிய மரம் வைத்து ஆண்டுக்கு ஒருமுறை மின்வாரியம் தலையை வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கம்பி இல்லாத பக்கம் வேம்பு, புங்கன், மகிழம், தண்ணீர் நிற்குமிடமென்றால் நீர்மருது. பேவர் பிளாக் போட வந்தால் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாக விடச் சொல்லுங்கள். கோவையில் ஜூன், ஜூலையிலேயே நடலாம், சென்னைக்குச் சொன்ன கணக்கு உங்களுக்கு இல்லை.

கேள்வி: ஒரு நிறுவனம் எங்கள் பிளாக்குகளுக்கு நடுவிலுள்ள காலியிடத்தில் மியாவாக்கி காடு அமைத்துத் தருவதாகச் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
குடியிருப்போர் இளைஞர் குழு, பெரும்பாக்கம், சென்னை

அந்த இடத்தில் இப்போது மாலையில் யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பெண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்று நெருக்கி நடுவார்கள். கன்றுகள் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு வேகமாக உயரும். அதற்குள் ஆள் நுழைய முடியாது, நுழையக் கூடாது என்பதுதான் அந்த முறையே. சாலையோரத்துக்கும், குப்பை கொட்டும் மூலைக்கும், ஏரிக்கரைக்கும் அது பொருந்தும். வீடுகளுக்கு நடுவே உள்ள ஒரே திறந்தவெளியை அடைத்துவிட்டால் நிழலும் கிடைக்காது, விளையாட இடமும் போகும், விளக்கில்லாத இரவில் அந்தப் பக்கம் நடக்கவும் பயம் வரும்.

மாற்று யோசனையோடு பேசுங்கள். ஓரத்தில் 25 அடி இடைவெளியில் எட்டுப் பத்துப் பெரிய நிழல்மரம், அடியில் திண்ணை, நடுவில் மைதானம். அதே பணத்தில் இரண்டு வருடத் தண்ணீருக்கும் வேலிக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். காடுதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், மூன்று வருடம் களையெடுத்துத் தண்ணீர் விடுவது யார் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் சந்து ஆறடி அகலம். துண்டு மண் கிடையாது. ஆனாலும் பச்சை வேண்டும்.
பள்ளி மாணவிகள், புளியந்தோப்பு, சென்னை

கொடிதான் உங்களுக்கு மரம். 200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்து, அடியில் அரையங்குலத் துளை ஆறு, இரண்டங்குல ஜல்லி, மேலே மண் கலவை. டிரம் வாங்கும்போது கவனம். உணவு எண்ணெய், பழக்கூழ் வந்த டிரம்மாக இருக்க வேண்டும். ரசாயனம் வந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் காய்கறிக்கு ஆகாது. காயலாங்கடைக்காரருக்கு என்ன வந்தது என்று தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சங்குப்பூ, முல்லை, ரங்கூன் மல்லி, கோவை, பாகல் நன்றாக ஏறும். பத்தடி உயரத்தில் நைலான் வலை கட்டி மேலே படர விடுங்கள். அதைத் தாழ்த்தினால் பூப்பல்லக்கும் போகாது, சாமி ஊர்வலமும் போகாது, ஒரே வாரத்தில் அறுத்துவிடுவார்கள். டிரம் வைத்த பிறகும் ஸ்ட்ரெச்சர் போக நான்கடி வழி இருக்க வேண்டும். மின்கம்பம், மீட்டர் பெட்டி, வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் எதிலும் கொடி ஏறக் கூடாது.

கேள்வி: பழைய வாரியக் கட்டடத்தின் மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம் போடலாமா?
வாசகர், பட்டினப்பாக்கம், சென்னை

மாடிக்குக் கீழே உள்ள வீட்டின் கூரையை முதலில் பாருங்கள். காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் ஒரு தொட்டிகூட ஏற்றாதீர்கள். கூரை நன்றாக இருந்தாலும், ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதிகள் வைக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். இதில் மனிதர்களும் அடக்கம். ஒரு சாதாரண வளர்ப்புப் பையில் மண் நிரப்பி நனைத்தால் 20 கிலோவை நெருங்கும். தென்னை நார்க்கழிவும் உரமும் கலந்தால் அதில் பாதிதான். எனவே மண்ணைத் தவிருங்கள், பைகளைச் சுவரோரமாக மட்டும் வையுங்கள், செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பில் நார்க்கழிவுக் கட்டி, பை, விதை, உயிர் உரம் எல்லாம் இருக்கும். நார்க்கழிவை ஊறவைத்து இரண்டு முறை தண்ணீர் வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், அதில் உப்பு இருக்கும்.

கேள்வி: 25 பேராகத் தொடங்கினோம். இப்போது நான்கு பேர்தான் வருகிறோம்.
குழுச் செயலாளர், ஆர்.கே.நகர், சென்னை

எல்லா ஊரிலும் இதுதான் நடக்கிறது. கன்றுக்கு உயிர் போகிற மாதம் ஏப்ரலும் மே மாதமும். பரீட்சையும் ஊருக்குப் போவதும் அதே மாதங்களில்தான். அதனால் மரத்தைக் குழுவிடம் ஒப்படைக்காதீர்கள், எதிர்வீட்டிடம் ஒப்படையுங்கள். நடுவதற்கு முன்பே அந்த வீட்டாரைக் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில், முடிந்தால் அவர்கள் கேட்கும் மரத்தையே வையுங்கள். முருங்கை கேட்டால் முருங்கை. கதவுக்கு நேராகக் குழி வெட்டினால் வண்டி நிறுத்த இடமில்லை என்று இரவோடிரவாக வெந்நீர் ஊற்றுவார்கள். குழுவுக்கு மாதம் ஒரே ஒரு ஞாயிறு: களை, கயிறு, உரம், பட்டதற்கு மாற்று. அந்த வேலைக்கு நான்கு பேர் தாராளம்.

கேள்வி: ஓர் அமைப்பு 500 கன்று இலவசமாகத் தருகிறது. வாங்கலாமா?
வாசகர், திருச்சி

50 வாங்குங்கள். மீதி 450-க்கான செலவைத் தண்ணீர் டிரம்மாகவும் சவுக்குக் கம்பாகவும் கேளுங்கள். தராவிட்டால் 50-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து தொட்டிகளை எடுக்கச் சொல்கிறார். செடியில் கொசு வருமா?
மாணவி, கொருக்குப்பேட்டை, சென்னை

செடியில் வராது, தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் வரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய சுத்தமான தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவுங்கள், அல்லது தட்டையே எடுத்துவிட்டுத் தொட்டியைச் செங்கல் மேல் வையுங்கள். தண்ணீர் பிடிக்கும் டிரம்முக்கு மூடி போடுங்கள், மூடி இல்லையென்றால் வேட்டித் துணியை இறுக்கிக் கட்டுங்கள். அடுத்த முறை பணியாளர் வரும்போது கூடவே நின்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், எடுக்கச் சொல்லமாட்டார்.